உதிரி இழை

திருவொற்றியூரில் இப்போது யாரும் யாரையும் "கத்தாதே" என்று சொல்வதில்லை. கத்துகிறவரின் இழையைக் குறைத்துவிட்டால் போயிற்று. எல்லோர் காதுக்குள்ளும் மிளகளவில் ஒரு பிரிசெவி உட்கார்ந்திருக்கிறது. கேட்கிற எதையும் அது இழை இழையாகப் பிரித்துவிடும். பேருந்தின் ஹாரன் ஓர் இழை, நடத்துநரின் குரல் ஓர் இழை, அந்தக் குரலில் இருக்கும் எரிச்சல் இன்னோர் இழை. வேண்டியதை வைத்துக்கொள்ளலாம், வேண்டாததைப் போனில் விரலால் கீழே தள்ளிவிடலாம். மாமியார் மருமகள் சண்டை ஊரில் அநேகமாக ஒழிந்துவிட்டது. இருவரும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள், இருவர் காதிலும் விழுவதில்லை.

எல்லாம் டிஜேக்களால் வந்த வினை. முடிந்துபோன பாட்டிலிருந்து குரலைத் தனியே, தவிலைத் தனியே, வயலினைத் தனியே உரித்து வேறு பாட்டோடு கலப்பதற்கென்று உண்டான கருவி அது. பாட்டை உரித்துப் பழகிய கை சும்மா இருக்குமா? வீட்டுச் சத்தத்தையும் உரிக்கத் தொடங்கியது.

தணிகைவேல் அப்படிப்பட்ட ஒரு டிஜே. கல்யாண வரவேற்புகளில் அவனுக்கு நல்ல பெயர். அவன் மனைவி யுவராணிக்குப் போன ஆடியில், ஏழாம் மாதத்திலேயே பிரசவம் ஆகிவிட்டது. பெண் குழந்தை. பிறக்கும்போதே உயிர் இல்லை. அவர்கள் வழக்கத்தில் அப்படிப்பட்ட பிள்ளைக்குக் காரியம் கிடையாது. பந்தல் போடுவதில்லை, கட்டிக்கொண்டு அழ யாரும் வருவதில்லை. தணிகையும் அவன் மச்சானும் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள். சொந்தக்காரர்கள் போனில், "அடுத்தது நல்லபடியா பொறக்கும்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போனார்கள்.

யுவராணி சமையலறையில் அழுதாள். மறுநாளும் அழுதாள். முதலில் தணிகை பக்கத்தில் உட்கார்ந்துகொண்டிருந்தான். பிறகு ஒரு காலை, ஒரு வரவேற்புக்குப் பாட்டுக் கலக்க வேண்டியிருந்தபோது, பிரிசெவியில் 'யுவராணி, அழுகை' என்ற இழையை அடிமட்டத்துக்குத் தள்ளினான். வேலை முடிந்ததும் ஏற்றிவிடலாம் என்றுதான் நினைத்தான். ஏற்றவில்லை. அந்த அமைதி அவனுக்குப் பிடித்திருந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. வலிக்கவில்லை, அவ்வளவுதான்.

அவள் பேசினால் கேட்கும். "சாப்ட வர்றியா?" என்றால் கேட்கும். அவள் கண் சிவந்திருக்கும். கண்ணுக்கு இன்னும் பிரிசெவி வரவில்லை. அதனால் அவன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டான். யுவராணி தன் பிரிசெவியை ஆஸ்பத்திரியிலேயே கழற்றிவிட்டிருந்தாள். எதையாவது குறைத்துக்கொண்டால் பிள்ளைக்குச் செய்கிற துரோகம் என்று அவளுக்குத் தோன்றியது.

மக்கள் ஒதுக்கித் தள்ளுகிற இழைகளைப் பிரிசெவி நிறுவனம் எறிவதில்லை. பெயரைத் துடைத்துவிட்டு, துண்டு துண்டாக வெட்டி, உதிரி இழை என்று டிஜேக்களுக்கு விற்கிறது. எல்லாம் சம்மதத்தோடுதான், நாம் எல்லோரும் படிக்காமல் 'சரி' என்று தட்டிய அதே சம்மதம். குறட்டை, இருமல், கோபத்தில் பாத்திரத்தைப் போடுகிற சத்தம். தாளம் கட்ட இவற்றை மிஞ்சியது கிடையாது. தணிகைக்கு இதில் ஒரு தொழில் ரகசியம் உண்டு. கல்யாணம் எந்த ஏரியாவில் நடக்கிறதோ, அந்த ஏரியாவின் உதிரியைத்தான் வாங்குவான். பழகிய சத்தம் என்றால் ஜனங்களின் உடம்பு சீக்கிரம் ஆடும் என்பது அவன் கணக்கு.

யுவராணியின் மாமா பெண்ணுக்கு உள்ளூரிலேயே கல்யாணம் வந்தது. திருவொற்றியூர் உதிரிகளைத் துழாவியவனுக்கு ஒன்று சிக்கியது. மூச்சு மேலே ஏறி, ஒரு கணம் தடைப்பட்டு, மூன்று இழுப்பாக இறங்குகிற சத்தம். என்ன சத்தம் என்று அவன் யோசிக்கவில்லை. பிரிசெவியும் தடுக்கவில்லை. வெட்டிய பிறகு அதன் கணக்கில் அது அழுகை இல்லை, வெறும் தாளம். தணிகை அதற்குக் கனம் கூட்டி, பம்பை மேளத்துக்கு அடியில் வைத்தான்.

வரவேற்பில் மண்டபமே ஆடியது. மொய்க் கவரோடு வரிசையில் நின்றவர்கள்கூட வரிசையை விட்டு வந்து ஆடினார்கள். பெண்ணின் தம்பி ஹேமந்த் வியர்வையோடு மேடைக்கு ஓடிவந்தான்.

"ண்ணா, செம்ம! அதே அடிய இன்னொரு தபா வுடுண்ணா!"

தணிகை விட்டான். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே யுவராணி வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். கீழ்த்தளத்துச் சாப்பாட்டுக் கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். கை கழுவுகிற இடத்தில் அப்போது யாரும் இல்லை.

"அந்த அடி எங்க எடுத்த?"

"உதிரி மார்க்கெட்ல. ஏன், நல்லா இல்லையா?"

"அது நானு."

அவனுக்குப் புரியவில்லை.

"நான் அழறது, தணிகை. மூச்சு மாட்டிக்கினு மூணு தபா இழுக்கும். எனக்குத் தெரியாதா என் அழுகை? வூட்ல நீயும் நானுந்தான் இருக்கோம். நீ கொறைக்காம அது எப்படி மார்க்கெட்டுக்குப் போவும்?"

தணிகை குழாயைப் பார்த்தான்.

"எப்ப இருந்து?"

"மொத வாரத்துல இருந்து."

யுவராணி கத்தவில்லை. "நீ தாங்கிக்கினு இருக்கேன்னு நெனச்சேன். எனக்காகக் கல்லு மாதிரி உக்காந்திருக்கேன்னு. ராத்திரில உன் மூஞ்சியப் பாத்தா பாவமா இருக்கும்" என்றாள். பிறகு, "நம்ம புள்ளைக்கு ஒருத்தர் வந்து அழல. இன்னிக்கு இத்தினி பேர் வந்து ஆடிட்டாங்க" என்றாள்.

"யுவா..."

"கழட்டு. ஒரே ஒரு தபா என்கூட நின்னு கேளு. அதுக்கப்புறமும் உனக்கு ஒண்ணும் ஆவலன்னா, நான் எங்க அம்மா வூட்டுக்குப் போயிடறேன். திரும்பி வர மாட்டேன்."

அவன் பிரிசெவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டான். தண்ணீர் சொட்டுவதும், பந்தியில் எவர்சில்வர் வாளி இடிபடுவதும், மேலே மங்கலாகக் கூச்சலும் ஒன்றாகக் கலந்து காதில் விழுந்தன. யுவராணி சுவரில் சாய்ந்து அழுதாள். இத்தனை மாதத்தில் முதல் முறையாக அவளுடைய அழுகை முழுசாக அவனுக்குக் கேட்டது.

அவனுக்கும் அழ வேண்டும் என்றிருந்தது. நிஜமாகவே ஆசைப்பட்டான். துணியில் சுற்றிய பிள்ளையின் எடையை நினைத்துப்பார்த்தான். குழியில் வைத்தபோது மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டதை நினைத்துப்பார்த்தான். தொண்டையில் ஏதாவது அடைக்கும் என்று காத்திருந்தான். ஒன்றும் அடைக்கவில்லை.

அவள் மூச்சு மேலே ஏறியது. தடைப்பட்டது. அடுத்த இழுப்பு எங்கே விழும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. சரியாக அங்கேயே விழுந்தது. அவன் தலை லேசாக அசைந்தது.

யுவராணி அழுகையை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். நின்ற பிறகும், அடுத்த அடி விழவேண்டிய இடத்தில், அவன் தலை இன்னொரு முறை அசைந்தது.