சைடு ஸ்டாண்டுக்கு ஒரு கல்

குடத்தில் தண்ணீர் இல்லை.

சாயங்காலம் குழாயில் தண்ணீர் விட்டபோது தமிழ்ச்செல்விதான் பிடித்து, இடுப்பில் தூக்கி வந்து, சமையல்கட்டு மேடையில் வைத்துத் தட்டால் மூடியிருந்தாள். இப்போது டம்ளரை உள்ளே விட்டால் அடியில் போய் ணங்கென்று இடிக்கிறது. குடத்தில் ஓட்டை இல்லை. மேடை நனையவும் இல்லை. கையை விட்டுத் துழாவினாள். விரலில் ஏதோ நறநறவென்று ஒட்டிக்கொண்டு வந்தது.

பீச் பீச்சாகச் சுற்றிவிட்டு மண்ணை எல்லாம் வீட்டுக்குள் கொண்டுவந்து கொட்டியிருப்பாள் என்று அம்மா புஷ்பவள்ளி ஹாலிலிருந்தே திட்டினாள். செல்வி விரலை லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். கடல் மண் வெளுப்பாக இருக்கும். இது சிவப்பாக இருந்தது.

சுற்றியது உண்மைதான். ப்ளஸ் டூ ரிசல்ட் வந்திருந்தது. சிதம்பரம் யுனிவர்சிட்டியில் இன்ஜினியரிங் சீட் விசாரித்துவிட்டு வருகிறேன் என்று காலையில் ஸ்கூட்டியை எடுத்தவள், கூடப் படித்த இசைவாணியைப் பின்னால் ஏற்றிக்கொண்டாள். விசாரிக்கும் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. திரும்பும்போது கடலூருக்கு நேராக வராமல், புதுச்சத்திரத்தில் பழைய ரயில்வே லைனைப் பார்க்க வண்டியைத் திருப்பினார்கள். சின்ன லைனைப் பிடுங்கிவிட்டுப் பெரிய லைன் போடுகிறார்கள். ஒன்றரை வருஷமாக ரயில் இல்லை. அந்த லைனில் கரையை அகலப்படுத்தக் கிராவல் மண் கொட்டும் வேலைக்கு அப்பாதான் சூப்பர்வைசர். கூட்டிப்போகச் சொல்லிச் செல்வி எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். வெயிலு, தூசி, பொம்பளப் புள்ளைக்கு அங்க என்ன வேலை என்று தட்டிக் கழித்துவிடுவார்.

ரயில் வராத பிளாட்பாரத்தில் யாரோ சாக்கு விரித்துக் கருவாடு காயவைத்திருந்தார்கள். டிக்கெட் கொடுக்கிற ஜன்னலுக்குள் ஆடு ஒன்று படுத்திருந்தது. அதைத் தாண்டினால் தண்டவாளமே இல்லை. கண்ணுக்கு எட்டின மட்டும் சிவப்பு மண்மேடுதான், வேலிக்காத்தான் முள்ளுக்கு நடுவில் காய்ந்த நாக்கு மாதிரி நீண்டு கிடந்தது. காற்று கடலிலிருந்து வந்தது, ஆனால் கடல் வாசனை இல்லை. சூடேறின மண்ணும் பழைய கிரீஸும்தான் மணத்தன.

மேட்டில் ஏற்றி நிறுத்தினால் சைடு ஸ்டாண்ட் மண்ணில் புதைந்து ஸ்கூட்டி சாய்ந்தது. "ஏய், உங்க அப்பா போட்ட மண்ணுல ஸ்கூட்டியே நிக்கல, ரயிலு எப்பிடிடீ நிக்கும்?" என்றாள் இசைவாணி.

ஸ்டாண்டுக்கு அடியில் வைக்கக் கல் தேடினார்கள். ஜல்லி எல்லாம் சின்னது. மேட்டின் ஓரத்தில் ஒரு தட்டைக் கல் மண்ணில் நட்டமாக நின்றது, உள்ளங்கை அகலத்துக்கு. செல்விதான் குனிந்து பிடுங்கினாள். பிசுபிசுவென்று இருந்தது. தண்டவாளத்து கிரீஸ் என்று நினைத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். சுற்றிக் கிடந்த காய்ந்த பூ, எறும்பு, எதையும் அவள் கவனிக்கவில்லை. கல் சரியாக உட்கார்ந்தது. இவ்வளவு நல்ல கல்லை விட மனசில்லாமல் சீட்டுக்கு அடியில் போட்டுக்கொண்டாள். சாமியார்பேட்டை பீச்சில் சவுக்குத் தோப்புப் பக்கம் ஒரு தடவை, வெயில் தாழ்ந்ததும் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் ஒரு தடவை, அந்தக் கல்தான் ஸ்கூட்டியை நிறுத்தியது.

இப்போது ஸ்கூட்டி வீட்டு நடையில் நின்றது. கல் அதற்குள் இருந்தது.

கரண்ட் போனது. தினமும் இந்த நேரத்துக்குப் போவதுதான். அம்மா மெழுகுவத்தி தேடிய சத்தம், பக்கத்து வீட்டு டிவி அணைந்ததும் தெருவே மூச்சுவிட்டது போல ஒரு அமைதி, துறைமுகப் பக்கமிருந்து ஒரு படகின் மோட்டார், அப்புறம் அதுவும் இல்லை. அப்போதுதான் நடையில் அந்தச் சத்தம் கேட்டது. சரக். நிதானமாக, பாரம் தாங்காத கால் ஒன்று ஜல்லிமேல் ஊன்றுவதுபோல. சரக். நடையில் இருப்பது மொசைக் தரை. அதில் ஜல்லி கிடையாது. சரக்.

சத்தம் சமையல்கட்டு வாசலுக்கு வந்தது. நின்றது.

நல்லெண்ணெய் வாசனை வந்தது. புளித்த பால் வாசனையும்.

கேட் திறக்கும் சத்தம் கேட்டது. அப்பா வைத்திலிங்கம் டார்ச் அடித்துக்கொண்டு உள்ளே வந்தார். வந்தவர் தண்ணீர்தான் கேட்டார். அம்மா எதிர் வீட்டில் ஒரு சொம்பு வாங்கிவந்து கொடுத்தாள். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, சொம்பை நீட்டி, "தண்ணி குடுன்னேனே" என்றார். அம்மா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. மறுபடி வாங்கிவந்தாள். குடித்தார். உதடு மட்டும் வெடித்துக் காய்ந்தே இருந்தது.

பிறகு மூக்கை உறிஞ்சினார். டார்ச் வெளிச்சம் நடையில் அலைந்து ஸ்கூட்டியில் போய் நின்றது. சீட்டைத் தூக்கினார். கல் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"இது ஏது?"

செல்வி சொன்னாள். புதுச்சத்திரம், மண்மேடு, ஸ்டாண்ட். எந்த இடம் என்று இரண்டு மூன்று தடவை கேட்டார். அது கருமாதிக் கல் என்று அம்மாதான் முதலில் கண்டுபிடித்தாள். செத்தவர்களுக்காக நட்டு, தினம் பாலும் எண்ணெயும் தண்ணீரும் விட்டு, கடைசி நாள் எடுத்து ஆற்றிலோ கடலிலோ விடுகிற கல். பெரியப்பா கருமாதியில் செல்வியே பார்த்திருக்கிறாள். தலையில் அடித்துக்கொண்டு அம்மா உள்ளே போய்விட்டாள்.

"யாருக்குப்பா அங்க நட்டாங்க?"

"எனக்கென்ன தெரியும்?"

"அங்க யாராச்சும் செத்தாங்களா?"

"தெரியாதுன்றேன்ல." குரல் கரகரத்தது. "காலைல கொண்டுபோய் எடுத்த எடத்துலயே வச்சுட்டு வந்துடு. யாரு கேட்டாலும் எம்பேர சொல்லாத."

அன்று ராத்திரி முழுக்க அப்பா தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார். விடியும்போது இரும ஆரம்பித்தார். வாயைத் துடைத்த துண்டை மடித்து மறைத்தார். மறைப்பதற்குள் செல்வி பார்த்துவிட்டாள். சிவப்பு. ரத்தம் இல்லை. மண்.

அவள் தனியாகப் போனாள்.

மேட்டில் கல் பிடுங்கின குழிக்குப் பக்கத்தில் ஒரு பெண் குந்தியிருந்தாள். முப்பத்தைந்து வயசு இருக்கும். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, கழுத்தில் மஞ்சள் கயிறு, கையில் பால் ஊற்றின பிளாஸ்டிக் பாட்டில். கொஞ்ச தூரத்தில் தார்ப்பாய்க் கொட்டகை ஒன்று காற்றில் படபடத்தது. செல்வியின் கையில் இருந்த கல்லைப் பார்த்தும் அவள் எழுந்திருக்கவில்லை.

"நீயா எடுத்த? உங்கையாலயா?"

"தெரியாம எடுத்துட்டேங்க்கா. மன்னிச்சுக்குங்க."

"உங்க அப்பா பேரு வைத்திலிங்கமா?"

செல்வியின் முகமே சொல்லிவிட்டது. அந்தப் பெண் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, வெயிலில் ரொம்ப நேரம் நடந்து வந்தவள் நிழலில் உட்கார்ந்ததைப் போல ஒரு பெருமூச்சு விட்டாள்.

தன் பேர் கொளஞ்சியம்மாள், விருத்தாசலத்துப் பக்கம் என்றாள். புருஷன் உத்திராபதி இங்கே மண் வேலைக்கு வந்தவன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மேட்டுக்குக் கீழே நிழலில் படுத்திருந்திருக்கிறான். பார்க்காமல் டிப்பர் லாரி மண்ணைக் கொட்டிவிட்டது. ஊரை விட்டு ஓடிப்போவதற்கு முந்தின ராத்திரி லாரி டிரைவரே குடித்துவிட்டு வந்து அவளிடம் அழுதுகொண்டு சொன்னானாம். எந்த இடம் என்று மட்டும் சொல்லவில்லை. போலீசில் போய்ச் சொன்னால், உன் புருஷன் எவளையாவது கூட்டிக்கொண்டு போயிருப்பான் என்றார்கள்.

"கை வெளியதான் இருந்துச்சாம். வெரலு ஆடுச்சாம். தண்ணி, தண்ணின்னு சத்தம் வந்துச்சாம். தோண்டி எடுத்தா கேசாவும், வேலை நின்னுடும்னு உங்க அப்பா அடுத்த லோட கொட்டச் சொன்னாராம்."

மேடு இரண்டு பக்கமும் நீண்டு கிடந்தது. எல்லா இடமும் ஒரே சிவப்பு. காலுக்கு அடியில் எங்கே என்று தெரியாமல் செல்வி ஒரு எட்டுப் பின்னால் வைத்தாள்.

"அவருக்கு நட்ட கல்ல நான்..."

"அவருக்கா?" கொளஞ்சியம்மாள் தன் பொட்டைத் தொட்டுக் காட்டினாள். "எம் புருசன் பொணத்த நா பாக்கல. பாக்காத வரைக்கும் அவருக்கு எதுக்குக் கல்லு? இது உங்க அப்பாவுக்கு நட்டது."

காற்று நின்றது.

"உசுரோட இருக்கறவனுக்குக் கல்லு நட்டுத் தெனம் பாலு ஊத்துனேன். அவன் பேரச் சொல்லித்தான் ஊத்துனேன். ஆனா கல்ல எடுக்கறது பெத்த புள்ள கையாலதான் எடுக்கணும், வேற யாரு எடுத்தாலும் அது வெறுங்கல்லு. ஆடு மேய்க்கறவன் வந்தான், தொடல. சர்வே காரங்க வந்தாங்க, தொடல. நீ வருவன்னு எனக்குத் தெரியாது பாப்பா. அவருக்குத் தெரிஞ்சிருக்கும். மண்ணுக்குள்ள கெடக்குறாரு பாரு, அவருக்கு."

செல்வி அந்த இடத்திலேயே உட்கார்ந்தாள். காலில் விழுந்தாள். கல்லைத் திரும்பவும் குழியில் வைக்கப் போனாள். கொளஞ்சியம்மாள் குழியைக் காலால் மூடிவிட்டாள்.

"கடல்ல வுட்டுடட்டாங்க்கா?"

"வுடு. கருமாதி முடிஞ்சுடும். உங்க அப்பா கதையும் முடிஞ்சுடும்."

"வுடலன்னா?"

"பாலு ஊத்து. நா ஊத்துன மாதிரி. ஒரு நாளு நிறுத்திப் பாரு, தெரியும்." பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "எம் புருசன் எங்க கெடக்குறாருன்னு உங்க அப்பா வாயத் தொறந்து சொல்லட்டும். அந்த நிமிசமே கல்ல நானே ஒடைச்சுப் போட்டுடறேன். சத்தியம்."

கல்லோடு வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஆலப்பாக்கம், குடிகாடு, ஃபேக்டரிப் புகை, எதுவும் செல்வியின் கண்ணில் படவில்லை. ஒரு வார்த்தை. அவ்வளவுதான். பாலத்துக்கு அந்தண்டை, இந்தண்டை, ஏதோ ஒரு வார்த்தை. ஜெயிலுக்குப் போனால் போகட்டும். சீட் வேண்டாம். அப்பா இருந்தால் போதும்.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. அம்மா ஆட்டோ பிடிக்கத் தெருமுனைக்கு ஓடியிருப்பதாக எதிர் வீட்டில் சொன்னார்கள். நடு மத்தியானம். ஹாலில் அப்பா சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் காலிக் குடங்கள்.

"அப்பா. உத்திராபதிய எங்க பொதைச்சீங்க?"

கண்கள் அவளைப் பார்த்தன. இல்லை என்று தலை ஆடியது.

"அப்பா, எனக்கு எல்லாம் தெரியும். சொல்லிடுப்பா. சொன்னா வுட்டுடறேன்னு சொன்னாங்கப்பா."

அவர் கண் நிறைந்தது. சொல்வதற்காக வாயைத் திறந்தார்.

மண் கொட்டியது.

சிவப்பாக, ஈரமாக, ஒரு கை அளவு. அப்புறம் இன்னும் ஒரு கை. வார்த்தை வரவில்லை. வாய் திறந்தபடியே நின்றது. எழுதிக் காட்டட்டும் என்று அவர் கையைப் பிடித்துப் பிரித்தாள். விரல்கள் மடங்கி இறுகிவிட்டன. குளிர்ந்திருந்தன. காலைப் பார்த்தாள். கட்டைவிரல் இரண்டும் சேர்ந்து ஒட்டியிருந்தன, பிணத்துக்குக் கட்டுவது போல. கட்டு இல்லை.

"அப்பா?"

நெஞ்சில் காது வைத்தாள். சத்தம் இல்லை. ஆனால் கண் அசைந்தது. அவளை விட்டு, அவள் மடியில் இருந்த கல்லுக்குப் போனது.

செல்வி ஃப்ரிட்ஜிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்துப் பல்லால் கடித்துக் கிழித்தாள். கல்லைத் தரையில் நிறுத்தினாள். ஊற்றினாள்.

அப்பாவின் தொண்டை ஏறி இறங்கியது.

நிறுத்தினாள். தொண்டை நின்றது. நெஞ்சு அசையவே இல்லை. கண் மட்டும் பாக்கெட்டையே பார்த்தது. ஊற்றினாள். ஏறியது, இறங்கியது. பாக்கெட் இலேசாகிக்கொண்டே வந்தது. திறந்த வாய்க்குள், நாக்கு இருக்கவேண்டிய இடத்தில், ஈர மண்ணைத் தள்ளிக்கொண்டு ஒரு விரல் மேலே வந்தது. அப்பாவின் விரல் இல்லை. நகம் உடைந்த, கறுத்த விரல்.

அது ஆடியது.