நாலாயிரம் ஒத்திகை

சாவியைத் திருப்பி நாற்பத்தொரு நொடி கழித்துத்தான் எஞ்சின் பிடித்தது.

"பாத்தியாம்மா? இதுக்கு மாட்டு வண்டி வச்சிருந்தா இந்நேரம் திருச்செந்தூரு போயிருப்பேன்" என்றார் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்திருந்த ஆதிநாராயணன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

எஞ்சினை அணைக்கச் சொல்லிவிட்டு மெக்கானிக் ஜெசிந்தா பேட்டரியைச் சோதித்தாள். ஸ்டார்ட்டர், பெட்ரோல் பம்பு, பிளக்கு. ஒன்றிலும் குறையில்லை. மிச்சம் ஒத்திகைப் பெட்டிதான்.

சட்டப்படி எல்லா வண்டியிலும் அது இருந்தது. உட்காருபவரின் கையையும் கண்ணையும் மூச்சையும் படித்து, அன்றைய பயணத்தை உள்ளுக்குள் ஓட்டிப் பார்க்கும். உயிரோடு போய்ச் சேரும் ஓர் ஓட்டம் கிடைத்த பிறகே எஞ்சினை விடும். பெரும்பாலும் முதல் ஓட்டத்திலேயே கிடைத்துவிடும். தாமதமானால் பட்டறையில் பெட்டியின் கம்பியை வெட்டச் சொல்வார்கள். ஜெசிந்தா வாரத்துக்கு நாலு வண்டிக்கு வெட்டினாள்.

"கம்பிய வெட்டி விடும்மா. எல்லாரும் அதத்தான செய்யுதாவ."

"இருங்க அண்ணாச்சி."

பெட்டியின் திரையைத் திறந்தாள். சற்றுமுன் நடந்த ஒத்திகைகள் நாலாயிரத்துச் சொச்சம். உப்பளச் சாலை. கால்வாய்த் திருப்பம். ஒவ்வொன்றிலும் அவர் கை ஸ்டீயரிங்கைக் கால்வாய்ப் பக்கம் ஒடித்தது. பிரேக்கைத் தொடவே இல்லை. கடைசி ஓட்டத்தில் மட்டும் ஒரு நாய் குறுக்கே வந்தது. அதற்காகப் பிரேக் அடித்தார். பெட்டி அந்த ஓட்டத்தை நம்பி எஞ்சினை விட்டிருந்தது.

நேற்று மூவாயிரம். போன வாரம் நூறு. போன மாதம் ஒன்று.

"வீட்டுல யாரு இருக்காங்க அண்ணாச்சி?"

"அவ இருந்தா. போன மாசம் வரைக்கும்."

ஜெசிந்தா கம்பி வெட்டும் குறடைக் கீழே வைத்தாள். "எடுங்க. நானும் ஒரு ரவுண்டு வாரேன்."

பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். சாவி முழுதாகத் திரும்புமுன் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"அடேயப்பா! என்னம்மா செஞ்ச?"

"ஒண்ணும் செய்யல." பட்டறையைப் பூட்டிவர வண்டிக் கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தாள். எஞ்சின் அணைந்தது.

"நின்னுட்டுதே. பேசாம வெட்டிரும்மா."

அவள் காலை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். "பட்டறை கெடக்கட்டும். போலாம்."

சாவியைத் தொட்டதும் எஞ்சின் பிடித்தது. வண்டி நகர்ந்தது. நேற்று பட்டறைக்கு ஒரு பெண் வந்திருந்தாள். வண்டி எடுக்க இருபது நொடி ஆகிறது என்றாள். ஜெசிந்தா பெட்டியின் திரையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கம்பியை வெட்டினாள். அந்த வண்டி சட்டென்று கிளம்பிப் போனது.