காளான் நுரையில் ஒரு சிறுநீரகம்

வழக்கம்போல அன்று காலையும் வடிவு மூன்று சிறுநீரகங்களை மொட்டைமாடியிலிருந்து கீழே போட்டாள். ஒன்று சோளப்பொரி நுரையில், ஒன்று கடற்பாசி நுரையில், ஒன்று காளான் நுரையில் பொதியப்பட்டிருந்தது. மூன்றும் ஒரு கீறல் இல்லாமல் தரையைத் தொட்டன. அப்படியும் அவள் ஒவ்வொன்றையும் இரண்டு முறை புரட்டிப் பார்த்தாள்.

தெர்மாகோல் ஒழிந்து நெடுங்காலம் ஆயிற்று. செவ்வாய்க் குடியிருப்புக்குப் போகும் எதையும் மண்ணில் மட்கும் பொருளில்தான் பொதிய வேண்டும். வடிவு அந்த ஏற்றுமதி நிலையத்தின் சோதனை அதிகாரி. அடுத்த விண்கப்பலில் போகவிருந்த செயற்கைச் சிறுநீரகமோ, அங்கே சுரங்கத்தில் வேலை பார்க்கும் அவள் தம்பி சுடலைமணிக்கு. இடுப்பில் கட்டிக்கொள்ளும் கருவி அது. அவனுடைய பழைய கருவி இன்னும் ஓராண்டு தாங்கினால் அதிகம். பயணமே எட்டு மாதம்.

"சோளப்பொரிதான் சிறந்தது. அதிர்ச்சியை நன்றாகத் தாங்குகிறது," என்றது பொதிவன். பொதி கட்டும் எந்திரன் அது.

"தாங்கி என்ன பிரயோஜனம்? அதுல போனதெல்லாம் உடைஞ்சுட்டுன்னுதான அங்கேருந்து புகார் வருது? விளக்கு, குவளை, கண்ணாடி, ஒண்ணு பாக்கியில்ல."

"இங்கே ஒன்றுகூட உடையவில்லை. காரணம் புரியவில்லை."

வடிவுக்கும் புரியவில்லை. அதனாலேயே காளானைத் தேர்ந்தெடுத்தாள். கப்பல் கிளம்பிய பிறகாவது சும்மா இருந்தாளா? கருவியில் விரிசல் விட்டிருந்து, அந்தப் பிடிவாதக்காரன் அதையே மாட்டிக்கொண்டால் இரத்தம் நஞ்சாகிவிடுமே என்று அடுத்த கவலை. மேலதிகாரிகளை நச்சரித்து ஒரு புது விதி கொண்டுவந்தாள். உடைந்ததாகப் புகார் வரும் மருத்துவக் கருவியைப் பூமியிலிருந்தே உடனடியாக, நிரந்தரமாக முடக்கிவிட வேண்டும். அவள் தொல்லை தாங்காமல் கையெழுத்திட்டார்கள். எட்டு மாதமும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசியில் தம்பியின் காணொளி வந்தது. முகம் தெளிந்திருந்தது. இடுப்பில் பச்சை விளக்கு எரிந்தது. வடிவு அழுதேவிட்டாள்.

"ஏ அக்கா, கருவி பத்திரமா வந்துட்டு. மாட்டியாச்சு, பழசை உருக்கப் போட்டாச்சு. ஆனா எதுக்குக்கா காளான்ல கட்டுன? வாயில வைக்க முடியல. இங்க மூணு வேளையும் பாசிக்கூழு. சோளப்பொரின்னா மிளகாப்பொடி தூவி தெருவே உக்காந்து திங்கும். அதுக்குத்தான எல்லாத்தையும் உடைஞ்சுட்டுன்னு எழுதிப் போடுதோம்! மறுபடி அனுப்புவீங்கள்லா? இதையும் அப்படித்தான் போட்டுருக்கேன். கோவிச்சுக்காத."

வடிவு பொதிவனிடம் ஓடினாள். "அந்தப் புகாரை நிறுத்து! அவன் பொய் சொல்லுதான்!"

"புகார் காணொளிக்கு முன்பே வந்துவிட்டது. விதிப்படி முடக்கும் ஆணையும் போய்விட்டது. திரும்பப் பெற விதியில் இடமில்லை," என்றது பொதிவன். "கவலை வேண்டாம். மாற்றுக் கருவி எட்டு மாதத்தில் போய்ச் சேரும். காளான் தோற்றுவிட்டதால், இம்முறை சோளப்பொரியில் கட்டிவிடட்டுமா?"