கணக்கில் விட்ட பிள்ளை

லீட்ரிம் மாவட்டத்தின் அந்தச் சிறு ஊரில், கடைத்தெருக் கோடியிலிருந்த பழைய ஜவுளிக்கடை வீட்டுக்கு ஊனாவும் அவள் கணவன் மாலக்கியும் குடிவந்த அன்று மழை. அந்த ஊரில் மழை பெய்தது என்று சொல்வதே வெட்டி வேலை. மலிவாகக் கிடைத்த வீடு. ஏன் மலிவு என்று கேட்கும் புத்தி இருவருக்கும் இல்லை.

கூடவே ஊனாவின் அண்ணன் லோர்கனும் வந்தான். நாற்பதைத் தாண்டிய ஆள். ஆனால் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட யாராவது வேண்டும். பேச்சு மெதுவாகத்தான் வரும், சிரிப்பு மட்டும் உடனே வரும். அம்மா போன பிறகு தங்கையை விட்டால் அவனுக்கு நாதியில்லை. மாலக்கிக்கு அவன் ஒரு சுமை. அதை மறைக்கவும் மாலக்கி சிரமப்படவில்லை.

லோர்கனுக்கு மாடியின் கோடி அறையைக் கொடுத்தார்கள். அங்கே ஒரு வாடை இருந்தது. நனைந்த கம்பளியும் புளித்த பாலும் கலந்தது போன்ற வாடை. ஜன்னலைத் திறந்து வைத்தாலும் போகவில்லை.

சில நாட்களில் அவன் தட்டில் பாதி ரொட்டி காணாமல் போக ஆரம்பித்தது. சுவரோரம், பலகை இடுக்கில் அதைச் செருகி வைப்பதை ஊனா பார்த்தாள்.

"என்ன லோர்கன் இது? எலி வந்துடும்."

"நோனிக்குப் பசிக்குது."

"யாரு நோனி?"

அவன் சுவரைக் காட்டிச் சிரித்தான்.

மறுநாள் இடுக்கில் ரொட்டி இல்லை. மாலக்கி எலிப்பொறி வாங்கி வைத்தான். பொறியில் எதுவும் விழவில்லை. ரொட்டி மட்டும் தினமும் போனது.

ஊனாவுக்கு அந்த வீட்டில் முன்பு யார் இருந்தார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களை இப்போது வீட்டிலிருந்தே கணினியில் பார்க்கலாம். அடுப்படி மேசையில் உட்கார்ந்து தேடினாள். 1911ஆம் ஆண்டுத் தாள் கிடைத்தது. ஜவுளி வியாபாரி கில்மார்ட்டின், அவர் மனைவி, இரண்டு பெண்கள், ஒரு பையன், ஒரு வேலைக்காரி. வியாபாரியே தன் கையால் நிரப்பிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அழகான எழுத்து. பக்திமான் என்று எழுத்திலேயே தெரிந்தது.

மணமான பெண்களுக்கென்று ஒரு கேள்வி இருந்தது. பெற்ற பிள்ளைகள் எத்தனை, உயிரோடு இருப்பவர்கள் எத்தனை?

நான்கு. நான்கு.

தாளில் இருந்ததோ மூன்று பிள்ளைகள்.

நான்காவது பிள்ளை உறவுக்காரர் வீட்டில் இருந்திருக்கும் என்று நினைத்தாள். கில்மார்ட்டின் பெயரை நாடு முழுக்கத் தேடினாள். விடுதிகளில் இல்லை, பைத்தியக்கார ஆஸ்பத்திரித் தாளில் இல்லை. கணக்கெடுத்த அன்றிரவு நாட்டில் எந்தக் கூரையின் கீழும் அந்தப் பிள்ளை படுக்கவில்லை.

அந்த வாரம் புதிய கணக்கெடுப்புக்குப் படிவம் கொடுக்க டிம்ப்னா வந்தாள். ஊர்க்காரிதான். நான்கு தெருக் கதையும் அவள் நாக்கு நுனியில் இருக்கும். தேநீர் கொடுத்து உட்காரவைத்து ஊனா விஷயத்தைச் சொன்னாள்.

"கில்மார்ட்டினா? அடேயப்பா, பெரிய இடமாச்சே கண்ணு. கோயில்ல முதல் வரிசை அவங்களுக்குத்தான். கல்லறையில போய்ப் பாரு, மூணு பிள்ளைங்க பேருதான் வெட்டியிருக்கு."

"பெத்தது நாலுன்னு அவரே எழுதியிருக்காரே?"

டிம்ப்னா கோப்பையைக் கீழே வைத்தாள். "பொய்க் கணக்கு எழுதினா பாவம்னு பயந்திருப்பான் மனுஷன். பேரை எழுதினா மானம் போயிடும்னும் பயந்திருப்பான். அதே தாள்ல ஊமையா, குருடா, மூளை வளர்ச்சி இல்லையான்னு ஒரு கட்டம் இருக்கே, பார்த்தியா? அப்போ தாளை வாங்க வந்தது ஊர் போலீஸ்காரன். ரெண்டு பொண்ணுங்களைக் கட்டிக்கொடுக்கணுமே!"

பாவத்துக்கும் பயம், ஊருக்கும் பயம். இரண்டுக்கும் நடுவே ஒரு குழந்தையைக் காதும் காதும் வைத்தாற்போல் கணக்கிலிருந்தே ஒழித்துக் கட்டிவிட்டார் அந்த உத்தமர்.

டிம்ப்னாதான் கோயில் பதிவேடுகளையும் கவனித்துக்கொள்பவள். இரண்டு நாள் கழித்து போன் செய்தாள்.

"ஞானஸ்நானம் கொடுத்தது இருக்கு கண்ணு. 1905. ஹனோரா. அப்போ கணக்கெடுப்புல ஆறு வயசு. செத்ததுக்கு எந்த எழுத்தும் இல்ல." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள். "இங்கெல்லாம் ஹனோராவை வீட்ல நோனின்னுதான் கூப்பிடுவாங்க."

ஊனா போனைக் காதிலிருந்து எடுத்தாள்.

மாடியில் லோர்கன் யாருடனோ பேசிச் சிரிப்பது கேட்டது.

சிரிப்பு ஒன்றல்ல.

ஏப்ரலின் முதல் ஞாயிறு. அன்றிரவு வீட்டில் தங்கும் அத்தனை பேரையும் எழுத வேண்டும் என்பது விதி. மாலையில் மாலக்கி படிவத்தோடு உட்கார்ந்தான். எழுதி முடித்துப் பேனாவை மூடினான். ஊனா எட்டிப் பார்த்தாள். அவர்கள் இருவர் பெயர் மட்டும் இருந்தது.

"லோர்கன் எங்க?"

"புதன்கிழமை அவனை ஸ்லைகோ பராமரிப்பு விடுதிக்குக் கூட்டிட்டுப் போறேன். இடம் கிடைச்சிடுச்சு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா அழுவே. தனியா இருக்கான், பார்த்துக்க ஆளில்லைன்னு எழுதிக்கொடுத்துதான் இடம் வாங்கினேன். இங்க அவன் பேரு இருந்தா ரெண்டு பேரும் மாட்டிக்குவோம்."

"இந்தத் தாளை யாருக்கும் காட்டமாட்டாங்க மாலக்கி. டிம்ப்னாவே சொன்னா."

"டிம்ப்னா வாய்ல எது நின்னிருக்கு? விடும்மா. மூணு நாள்ல போகப்போற ஆளு."

"இன்னைக்கு ராத்திரி இங்கதானே இருக்கான்?" என்றாள் ஊனா. குரலில் பலமில்லை.

"சரி, நீயே எழுது. காலம் முழுக்க நீயே குளிப்பாட்டு, நீயே ஊட்டு. நான் போறேன்."

பேனா அவள் பக்கம்தான் கிடந்தது. அவள் எடுக்கவில்லை. எத்தனையோ வருடக் களைப்பு. அதற்கும் கீழே, சொல்ல வெட்கமான ஒரு நிம்மதி. இனிமேல் காலையில் கொஞ்சம் தூங்கலாம் என்றுகூட அவளுக்குத் தோன்றியது. அந்த ஒரு நினைப்பைத்தான் அவளால் பிறகு மன்னிக்கவே முடியவில்லை. படிவத்தை மடித்து உறையில் போட்டு ஒட்டினாள்.

திங்கள் காலை லோர்கன் இறங்கி வரவில்லை.

படுக்கை காலியாக இருந்தது. காலணிகள் கட்டிலடியில் இருந்தன. வாசலும் கொல்லையும் உள்ளிருந்து தாழிட்டபடியே இருந்தன.

அறையில் அந்த வாடை இல்லை.

"லோர்கன்!" என்று கத்தியபடி மாலக்கி கொல்லை, ஓடைக்கரை எல்லாம் ஓடினான். அவன் முகத்திலும் இப்போது பயம். அந்த நேரம் பார்த்துப் படிவம் வாங்க டிம்ப்னா வந்து நின்றாள்.

ஊனா உறையைக் கிழித்தாள். அண்ணன் பெயரை எழுதிவிட்டால் போதும், அவன் வந்துவிடுவான் என்று அவளுக்கு ஏனோ தோன்றியது. படிவத்தை விரித்தாள்.

மூன்றாவது இடம் நிரம்பியிருந்தது.

பெரிய பெரிய கோணல் எழுத்துகள். நோனி. பெண். வயது ஆறு.

"யாரு எழுதினது இதை?" டிம்ப்னா கிசுகிசுத்தாள்.

ஊனா பேனாவை எடுத்தாள். நான்காவது இடத்தில் லோர்கன் என்று எழுதினாள். மை, மணலில் விட்ட தண்ணீர் போலத் தாளுக்குள் இறங்கி மறைந்தது. மறுபடி எழுதினாள். மறைந்தது. பேனாவை அழுத்தி, தாள் கிழியக் கிழிய எழுதினாள்.

வெள்ளைத் தாள்.

திரும்பி வந்த மாலக்கி தாளில் நோனி பெயரைப் பார்த்ததும் கோடரியோடு மாடிக்கு ஓடினான். கோடி அறைச் சுவர் இரண்டே வெட்டில் பெயர்ந்து விழுந்தது. பின்னால் ஜன்னலே இல்லாத ஒரு பொந்து. ஒரு ஆள் நிமிர்ந்து நிற்க முடியாது. மட்கிய கம்பளி, தகரத் தட்டு, சுவர் முழுக்க நகக் கீறல்கள். கீறல்கள் எல்லாம் இடுப்பு உயரத்துக்குக் கீழேதான்.

யாரும் இல்லை.

டிம்ப்னா சிலுவைக் குறி போட்டாள். ஊனா மண்டியிட்டு உள்ளே தலையை நீட்டி, "அண்ணா" என்றாள்.

கை எட்டும் தூரத்தில், காலியான அந்தப் பொந்துக்குள்ளிருந்து, மெதுவான அந்தக் குரல் வந்தது.

"ஊனா... இருட்டா இருக்கு. பொத்தான் போட்டுவிடு."

அவள் இரண்டு கைகளாலும் இருட்டைத் துழாவினாள். தூசிதான் கிடைத்தது.

கீழே, அடுப்படியில், சின்னக் கால்கள் ஓடி வந்தன; லோர்கனின் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.