பொன்னரசியின் ஆட்சேபணை

பொன்னரசி ஆட்சேபணை தெரிவித்திருந்தாள். அதனால் அவளுடைய இறப்பைப் பதிவு செய்ய முடியவில்லை.

"ரெண்டாவது தடவையும் நிராகரிச்சிருக்கு சார்," என்றார் சேவை மைய அலுவலர் செண்பகவல்லி.

இளங்குமரன் தலையசைத்தான். அவன் மனைவி ஆடியில் இறந்தாள். இப்போது தை. மகள் ஆதிரையைக் கோவில்பட்டியில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். பள்ளியில் டி.சி. தர, தாயின் சம்மதம் கேட்டார்கள். இல்லையென்றால் தாயின் இறப்புச் சான்று.

மையத்தில் நாற்காலிகள் காலியாக இருந்தன. மனிதர்கள் அலுவலகங்களுக்கு வருவது எப்போதோ நின்றுவிட்டது. ஒவ்வொருவருக்கும் ஒரு பதிலாள் இருந்தது. அவருடைய பேச்சையும் மனுக்களையும் பழக்கங்களையும் கற்று, அவருக்காக அலுவலகம் அலுவலகமாக வாதாடும் மென்பொருள். உருவாக்கிய குழுவில் இளங்குமரனும் ஒருவன். முதல் சோதனைக்குப் பொன்னரசியைத்தான் எடுத்துக்கொண்டான். தெருவிளக்கு, சாக்கடை, பேருந்து நிறுத்தம் என்று அவளைப்போல மனுப் போட்டவர் அந்த வட்டத்தில் இல்லை.

அப்போது ஒரு விதியும் எழுதினான். உயிரோடு இருப்பவரை இறந்ததாகப் பதிந்து நிலத்தைச் சுருட்டும் உறவினர்கள் பெருகியிருந்தார்கள். ஆகவே ஒருவரைப் பற்றிய எந்தப் பதிவுக்கும் அவருடைய பதிலாளைக் கேட்டாக வேண்டும். மோசடி நின்றது. உண்மையிலேயே இறந்தவர்களால் சிக்கல் வரவில்லை. அலுவலகம் சொன்னால் ஒப்புக்கொண்டு போவது பெரும்பாலானோர் பழக்கம். அவர்களுடைய பதிலாள்களும் ஒப்புக்கொண்டன. பொன்னரசிக்கு அந்தப் பழக்கம் இல்லை.

"மயானச் சீட்டு குடுத்தேனே."

"அது நீங்க குடுத்தது சார். அவங்க போன வாரம்கூட உங்க தெருவிளக்குக்கு மனு போட்டிருக்காங்க. எரியுதா?"

"எரியுது."

"அப்புறம் எப்படி சார் இறந்துட்டாங்கன்னு எழுதுறது?"

"அவகிட்டப் பேசணும்."

செண்பகவல்லி ஒலிபெருக்கியை அவன் பக்கம் திருப்பினார்.

"சொல்லுங்க." அவள் குரல்தான். அவசரத்தில் இருப்பவள் போல.

"ஆதிரைய அக்கா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன், பொன்னி. சம்மதம் குடு."

"யாருங்க பேசுறது?"

"நான்தான்."

"எங்க வீட்டுக்காரரா? அவரு ஒரே மூச்சுல இவ்வளவு பேசமாட்டாரே." சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "டிபன் பாக்ஸுக்கு எந்த மூடின்னு தெரியாத மனுசன். பிள்ளைய வச்சிக்கிட்டு என்ன செய்யிறாரோன்னு எத்தன தடவ கூப்பிட்டேன். எதுக்கும் பதில் இல்ல. இருக்கிற ஆளு இப்படியா இருப்பாரு? அதான் எழுதிக் குடுத்துட்டேன்."

செண்பகவல்லி திரையை நகர்த்திப் படித்தார். பிறகு அவனைப் பார்க்காமல் பேசினார்.

"சார், உங்க பேர்ல இறப்பு மனு வந்திருக்கு. மனைவி குடுத்தது."

"நான் இங்க நிக்கிறேன்மா."

"நேர்ல வந்து சொன்னாச் செல்லாது. நேர்ல வந்தா லஞ்சம் கேப்பாங்கன்னு நீங்கதானே சார் அதை எடுத்துட்டீங்க. உங்க பதிலாளைத்தான் கேக்கணும். ஒரு வார்த்தை மறுத்தாப் போதும்."

"மறுக்கலன்னா?"

"குழந்தை அம்மா பொறுப்பு."

பதிலாள் அன்றாடம் கற்றுக்கொண்டே இருக்கும், அப்படித்தான் செய்திருந்தார்கள். ஆடியிலிருந்து அவன் எதையும் மறுத்ததில்லை. மாமியார் பொன்னரசியின் புடவைகளை எடுத்துப் போனபோது சரி என்றான். குழுவிலிருந்து அவனை விலக்கியபோது சரி என்றான். ஆதிரை சாப்பிடமாட்டேன் என்று தட்டைத் தள்ளியபோதும் சரி என்றான்.

திரையில் அவனுடைய பதிலாளுக்கான கேள்வி எழுந்தது: இறப்பைப் பதியலாமா?

இளங்குமரன் மேசைமேல் கவிழ்ந்து இரண்டு கைகளாலும் திரையைப் பிடித்தான். "ஆட்சேபணை இருக்கு," என்றான். "இருக்கு. கேக்குதா? எனக்கு ஆட்சேபணை இருக்கு."

"அதுக்குக் கேக்காது சார்," என்றார் செண்பகவல்லி.

ஒலிபெருக்கியில் ஒரு சிறு செருமல். அவன் செருமுவது போலவே.

"சரிங்க," என்றது.