வரிக்காக ஓடுகிறவன்

ஸ்கேட்டுக்குச் சாணை பிடிக்கும் அறையில் குப்புறக் கிடந்தான் ஒலிவியே ஷார்போனோ.

வயது முப்பத்திரண்டு. மோன்ரியல் போரியால்ஸ் ஐஸ் ஹாக்கி அணியின் கோல்கீப்பர். பின்மண்டை உடைந்திருந்தது. பக்கத்தில் ஒரு சுத்தியல்.

ஜூலை ஒன்று. காலை ஒன்பது மணி.

ஊரே வீடு மாறும் நாள். தெருவெல்லாம் கட்டிலும் ஃப்ரிட்ஜும் வாடகை வேனும். அதையெல்லாம் தாண்டி மைதானம் வந்து சேர்வதற்குள் சார்ஜென்ட் மோட் லவாலேக்குப் பாதி உயிர் போயிருந்தது.

"முதல்ல பார்த்தது யாரு?"

"நான்தான் மேடம்."

ரேஜான். அறுபது வயது. வீரர்களின் ஸ்கேட், மட்டை, உடுப்பு எல்லாம் அவர் பொறுப்பு. கண் சிவந்திருந்தது.

"எட்டு மணிக்கு வந்தேன். இப்படிக் கிடந்தான். உடனே உங்களுக்குப் போன் பண்ணேன்."

மேஜையில் இரண்டு நாள் முந்தைய பேப்பர். கொட்டை எழுத்தில் தலைப்பு...

'வரிக்காக ஓடுகிறார் ஷார்போனோ.'

மோட் மாடிக்குப் போனாள். அணியின் மேலாளர் பாஸ்கல் டூமே ஜன்னலோரம் நின்றிருந்தார். துக்கத்துக்குக் கறுப்பு டை. அதற்குள் எப்படிக் கிடைத்ததோ.

"இன்னிக்கு மதியத்தோட அவன் ஒப்பந்தம் முடியுது சார்ஜென்ட். யார் கூப்பிட்டாலும் போகலாம். ஃப்ளோரிடாக்காரங்க காத்துக்கிட்டு இருந்தாங்க."

"நீங்க ஏன் விட்டீங்க?"

"எப்படிப் பிடிச்சு வைக்கறது? ஒரு டீம் மொத்தமா இவ்வளவுதான் சம்பளம் தரலாம்னு லீக்ல வரம்பு இருக்கு. எல்லா டீமுக்கும் ஒரே வரம்பு. இங்கே சம்பளத்துல பாதிக்கு மேல வரியிலயே போயிடும். அங்கே மாநில வரியே கிடையாது. அதே சம்பளம், அதே ஆட்டம்... கைக்கு வர்றது மட்டும் ரொம்ப அதிகம். எவன் இங்கே இருப்பான்?"

"இருக்கச் சொல்லிக் கேட்டீங்களா?"

"கெஞ்சினேன். மாட்டேன்னுட்டான்." பெருமூச்சு விட்டார். "கோபத்துல எவனோ ரசிகன் பண்ணியிருப்பான்."

பத்தரை மணிக்கு ஒலிவியேயின் மனைவி மிரேய் வந்தாள். அழவில்லை. மேலாளர் சொன்னதைக் கேட்டதும் சிரித்தாள். கேட்கச் சகிக்காத சிரிப்பு.

"கெஞ்சினது என் புருஷன். அவர் போனை எடுங்க. எங்க கல்யாண தேதிதான் பூட்டு நம்பர்."

போன் திறந்தது. மூன்று நாள் முன்பு ஒலிவியே அனுப்பிய செய்தி...

'ரெண்டு மில்லியன் டாலர் குறைச்சே கொடுங்க. வரி போகட்டும். என் பசங்க இங்கேயே வளரணும்.'

பாஸ்கலின் பதில் ஒரு வரி.

'மன்னிச்சுக்கோ, அந்தச் சம்பளத்துக்கு இளசா ஒரு கோல்கீப்பரைப் பிடிச்சிட்டேன்.'

"அன்னிக்கு ராத்திரியே இந்த பாஸ்கல் பேப்பர்காரனைக் கூப்பிட்டு 'வரிக்காக ஓடறான்'னு சொல்லிட்டான்" என்றாள் மிரேய். "ஊர் கோபம் அவன் மேல வரக்கூடாதில்லையா... ரெண்டு நாளா எங்க வீட்டு வாசல்ல காறித் துப்பிட்டுப் போறாங்க."

கான்ஸ்டபிள் பப்டிஸ்ட் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"கதவுல கார்டு தேய்ச்ச பட்டியல், சார்ஜென்ட். ஆறரைக்கு ஒலிவியே. ஆறே முக்காலுக்கு ரேஜான். எட்டு வரைக்கும் வேற யாருமே வரல."

மோட் கீழே இறங்கினாள். ரேஜான் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எதிரில் உட்கார்ந்தாள்.

"ஆறே முக்காலுக்கு வந்திருக்கீங்க. எட்டு மணிக்குப் போன் பண்ணியிருக்கீங்க. நடுவுல என்ன பண்ணிட்டிருந்தீங்க?"



"அவன் ஸ்கேட்டைச் சாணை பிடிச்சேன்."

"அடிச்சதுக்கு அப்புறமா?"

"பன்னிரண்டு வருஷப் பழக்கம் மேடம். கை தானாப் போச்சு."



"ஏன்?"

"மூட்டை கட்ட வந்தான். கையை நீட்டி, 'வர்றேன் ரேஜான்'னான். நானும் வரி கட்டறேன் மேடம், என் பிச்சைக்காசு சம்பளத்துல. என் பொண்டாட்டி புத்துநோய்ல கிடந்தப்ப ஆஸ்பத்திரியில ஒரு சல்லிக்காசு கேட்கல. அந்த வரியிலதான். இவனுக்கு அது கசக்குதா? கை குடுக்காம கேட்டேன். 'நீ நினைக்கற மாதிரி இல்ல'ன்னு ஆரம்பிச்சுட்டுத் திரும்பிப் பையை எடுத்தான்..."

"சொல்லி முடிச்சானா?"

"விடல."

மோட் அந்தப் போனை அவர் கையில் கொடுத்தாள்.

படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு போனைக் குழந்தையைக் கிடத்துவதுபோல் பெஞ்சில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் நீட்டினார். மோட் விலங்கை மாட்டினாள்.

மணி பன்னிரண்டு.

முன்கூடத்தில் கேமராக்கள். பாஸ்கல் தொண்டையைச் செருமினார்.

"துக்கமான நாள். ஆனாலும் ஒலிவியே இதைத்தான் விரும்பியிருப்பான்... எங்க புதுக் கோல்கீப்பரை அறிமுகப்படுத்தறேன்."

மேடையிலிருந்து இறங்கி வந்தவரை மோட் மறித்தாள். போனைக் காட்டினாள். அவர் முகம் ஒரு நொடி வெளுத்தது. ஒரே ஒரு நொடி.

"பேப்பர்காரன்கிட்ட பொய் சொன்னேன். சட்டத்துல அதுக்கு என்ன பேரு, சார்ஜென்ட்?"

அவர் டையைச் சரிசெய்துகொண்டு காரில் ஏறினார்.

"இந்த ஆள் மேல கேஸே கிடையாதா?" என்றான் பப்டிஸ்ட்.

"கிடையாது" என்றாள் மோட். "இந்த மாகாணத்துல எல்லாத்துக்கும் வரி போட்டாங்க. பொய்யை மட்டும் மறந்துட்டாங்க."