உச்சுக் கொட்டும் டிஸ்க்

திரையில் அம்புக்குறி நின்றுவிட்டது. அதில் அதிசயம் இல்லை. அண்ணன் வீட்டுக் கம்ப்யூட்டர் ஒரு மாதமாகவே நினைத்தால் ஓடும், நினைத்தால் சிலையாகும், கோபம் வந்தால் நீலத் திரையைக் காட்டிப் படுத்துவிடும். ஆனால் இந்த முறை அம்பு நின்ற அதே கணத்தில், மேஜைக்கு அடியிலிருந்த பெட்டி, 'உச்' என்றது.

பழுதான ஹார்ட் டிஸ்க் என்னவெல்லாம் பேசும் என்று டாக்டருக்குத் தெரியும். டிக் டிக் என்று அடிக்கும், கரகரக்கும், பெட்டிக்குள் மாட்டிய வண்டு மாதிரி முனகும். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்து, 'நீ இவ்வளவுதானா' என்கிற தொனியில் உச்சுக் கொட்டாது. அப்படிக் கொட்டக்கூடியவர் அவனுக்குத் தெரிந்து ஒரே ஆள்தான். அண்ணன்.

டாக்டர் என்பது பட்டமல்ல, பட்டப்பெயர். கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவனுக்குச் சொந்தக்காரர்கள் கொடுத்தது. அவன் கையால் போய்ச் சேர்ந்த கம்ப்யூட்டர்களும் உண்டு. அவை வந்து சாட்சி சொல்லாததால் பெயர் நிலைத்துவிட்டது.

"என்ன தம்பி, நாடி கிடைக்குதா?" என்றாள் அண்ணி, துண்டில் கையைத் துடைத்தபடி.

"டிஸ்க் போயிட்டிருக்கு அண்ணி. முழுசாப் போறதுக்குள்ள உள்ள இருக்கறதைப் புது டிஸ்க்குக்கு மாத்திடறேன்."

"அவர் குரல் அதுலதான் இருக்கு. வேற எங்கயும் இல்ல."

டாக்டர் குனிந்து பெட்டியின் திருகைக் கழற்றத் தொடங்கினான். முகத்தை மறைக்க அது வசதியான வேலை. ஆபரேஷனில் அண்ணனின் குரல்வளையை எடுப்பதற்கு முந்தைய வாரம் முழுக்க, மனுஷன் மைக் முன்னால் உட்கார்ந்து பேசித் தீர்த்திருந்தார். அதை இன்னொரு பிரதி எடுத்து வைக்கிறேன் என்று சொன்னவன் டாக்டர். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று சொல்லிக்கொண்டே இருந்தவனும் அவன்தான். இப்போது அண்ணனிடம் மிச்சமிருக்கும் பேச்சு அந்த உச் ஒன்றுதான்.

"என்னைத் திட்டினதே ஒரு மணி நேரம் இருக்கும்," என்றாள் அண்ணி. "அவர் வெளிய போனா போட்டுக் கேட்டுப்பேன். நல்லாத் திட்டுவாரு தம்பி. எங்க வீட்டு டாக்டர் இருக்கறப்ப எனக்கென்ன கவலை."

அந்தப் பாராட்டு அவனுக்குத் தேவைப்பட்டது. அதனால்தான் மறந்தான். பழைய டிஸ்க்கில் ஒரு துண்டு சிவப்பு டேப் ஒட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவான். கடை திறந்த நாளிலிருந்து அதுதான் வழக்கம். ஒரே கம்பெனி, ஒரே அளவு, இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இரண்டு டிஸ்க்குகள் அருகருகே கிடந்தன. டேப் பையிலேயே இருந்தது. பென் டிரைவிலிருந்து கம்ப்யூட்டரை எழுப்பினான். நகலெடுக்கும் புரோகிராம் கேட்டது: எதிலிருந்து? எதற்கு? அண்ணியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இரண்டையும் அழுத்தினான்.

பச்சைக்கோடு நகர்ந்தது. வெளியே மழை இறங்கி, பகலிலேயே அறை மங்கியது. சூடான தூசியின் வாடை, ஈரச் சுவரின் வாடை, அவற்றுக்கு நடுவே ஆஸ்பத்திரி மருந்தின் மெல்லிய நெடி. உள்ளறைப் பக்கமிருந்து ஒரு உச். அண்ணன் புரண்டு படுக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டான்.

கோடு வழுக்கிக்கொண்டு போனது. ஒரு தடங்கல் இல்லை. ஒரு பிழை இல்லை.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. சாகக் கிடக்கும் டிஸ்க்கை இவ்வளவு சுலபமாகப் படிக்க முடியாது. அது முக்கும், திணறும், பாதியில் நிற்கும். இப்படி ஓடுகிறதென்றால் படிக்கப்படுவது புது டிஸ்க். வெறும் டிஸ்க். அதன் வெறுமை, வரிவரியாக, அண்ணனின் குரல்மேல் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது.

மௌஸைப் பிடித்தான். அம்புக்குறி அசையவில்லை.

"போகுதா தம்பி?" சமையலறையிலிருந்து அண்ணி.

சொல்லியிருக்கலாம். தொண்டை வரை வந்தது. டாக்டர் என்ற பட்டப்பெயர் குறுக்கே நின்றது.

"ஜம்முனு போகுது அண்ணி. எல்லாம் பத்திரமா இருக்கு."

உச்.

காது மடல் சுட்டது. "அண்ணன் முழிச்சிட்டாரா அண்ணி?"

"அவரா? காலையிலேயே செக்கப்புக்குப் போனாரே. இப்ப வர்ற நேரந்தான்."

உள்ளறைக் கதவு திறந்துதான் இருந்தது. விரித்த படுக்கை. மடிப்புக் கலையாத போர்வை.

உச். காலடியில்.

பிளக்கைப் பிடுங்கினான். பெட்டிக்குள்ளிருந்த மின்விசிறி ஓய்ந்தது. டிஸ்க் சுழன்று சுழன்று அடங்கியது. மழைச் சத்தம் மட்டும்.

உச்.

பிளக் அவன் கையில் இருந்தது. திரையில் கோடு நகர்ந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே அவன் அழுத்தாத எழுத்துகள்.

எதிலிருந்து: டாக்டர்.

தொண்டைக்குள் ஏதோ ஊர்ந்தது. வலி இல்லை. யாரோ உள்ளே நின்று, பொறுமையாக, ஒவ்வொரு திருகாகக் கழற்றுவது போல. கழுத்தைப் பிடித்துக்கொண்டான். கோடு முடிவைத் தொட்டது. திரை அணைந்தது.

வாசலில் செருப்புச் சத்தம். அண்ணன் உள்ளே வந்தார், கழுத்தில் புதுக் கட்டுடன், தலையில் மழைத்துளிகளுடன். தம்பியைப் பார்த்து முகம் மலர்ந்து, மேஜையைக் காட்டிப் புருவத்தை உயர்த்தினார்.

"எல்லாத்தையும் காப்பாத்திட்டாராம்," என்றாள் அண்ணி.

அண்ணன் அவன் தோளைத் தட்டினார். அந்தத் தட்டலைத் தாங்க முடியவில்லை. சொல்லிவிடுவதென்று முடிவு செய்தான். காலில் விழுந்தாவது. அண்ணா, நான் அழிச்சிட்டேன் என்று வாயைத் திறந்தான்.

உச்.

மறுபடி முயன்றான். உதடு அசைந்தது, நாக்கு அசைந்தது, கண்ணில் நீர் வந்தது. உச். உச். உச்.

"என்ன தம்பி, அவரைக் கேலி பண்றீங்களா?" என்றாள் அண்ணி. அவள் முகம் சுருங்கியது. அண்ணனின் கை அவன் தோளிலிருந்து மெல்ல இறங்கியது.

பிளக் தரையில் கிடந்தது. மேஜையில் ஸ்பீக்கரின் சிறு விளக்கு எரிந்தது. அண்ணி ஆசையோடு திரும்பினாள். அண்ணன் காதைச் சாய்த்தார்.

டாக்டரின் குரல், கொஞ்சமும் கூசாமல், அறை முழுக்க ஒலித்தது.

"எல்லாம் பத்திரமா இருக்கு அண்ணி."